அழித்தலும் ஆட்கொள்ளலும்: கந்தசட்டி விரதத்தின் வரலாறும் பொருளும்

ஐப்பசி மாத அமாவாசைக்கு மறுநாளாகிய வளர்பிறைப் பிரதமையில் தொடங்கி, ஆறாம் திதியாகிய சட்டியில் நிறைவுறும் ஆறு நாள் நோன்பு கந்தசட்டி விரதம் எனப்படும். ஆறாவது என்னும் பொருளுடைய ‘ஷஷ்டி’ என்ற வடசொல்லே தமிழில் சட்டி என வழங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் நோற்கப்படும் சுக்கிரவார விரதம், கார்த்திகை நாள்மீனுக்குரிய கார்த்திகை விரதம் ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து முருகனுக்குரிய விரதங்கள் மூன்று எனச் சைவ நூல்கள் வகுக்கின்றன. அவற்றுள் தொடர்ந்து பல நாள் நோற்கப்படுவதும், உடலை மிகுதியாக வருத்துவதும் இதுவே. தீபாவளி விருந்து ஓய்ந்த கையோடு அடுப்பைத் தணித்து வைக்கும் இந்த வழக்கம், இன்று ஒரு கோயில் விழாவாகவும் இல்லத்து நோன்பாகவும் ஒருசேர விளங்குகிறது. எனினும் அதன் கூறுகள் அனைத்தும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல.

முருக வழிபாட்டின் பழைய நிலையை அறியத் திருமுருகாற்றுப்படை பெரிதும் உதவுகிறது. கடலுள் புகுந்து சூரைக் கொன்றதும், மாமரத்தை வெட்டி வீழ்த்தியதும் முருகனின் அருஞ்செயல்களாக அந்நூலில் போற்றப்படுகின்றன. அங்கே ‘சூர்’ என்பது அச்சத்தையும், அச்சந்தரும் ஆற்றலையும் குறிக்கும் சிறு சொல்லாகவே நிற்கிறது. மயிலும் சேவற்கொடியும் முருகனுக்கு உரியனவாகச் சொல்லப்பட்டாலும், அவை வெட்டுண்ட சூரன் என்னும் அசுரனின் உடலிலிருந்து தோன்றியவை என்ற செய்தி அந்நூலில் இல்லை. வழிபாட்டு முறையும் ஒருபடித்தானதாக இல்லை. பழமுதிர்சோலையைப் பாடும் பகுதியில் ஆட்டுக்கிடாயின் குருதி கலந்த அரிசி பலியாக இடப்படுகிறது. திருவாவினன்குடியைப் பாடும் பகுதியிலோ, பல நாள் உணவொழித்ததால் மார்பெலும்பு தோன்ற மெலிந்த முனிவர்கள் முருகனைக் காண வருகின்றனர். குருதிப் பலி, உணவு துறத்தல் என்னும் இவ்விரு நெறிகளும் ஒரே நூலில் அருகருகே இடம்பெறுவது கருதத்தக்கது. அக்காலத்தில் முனிவர்க்குரிய ஒழுக்கமாக இருந்த உண்ணாநோன்பு, இல்லறத்தாரும் மேற்கொள்ளும் ஒழுக்கமாக மாறியதே கந்தசட்டி விரதத்தின் வரலாறு எனலாம்.

இம்மாற்றம் விரைந்து நிகழ்ந்ததாகத் தோன்றவில்லை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம், அவ்வூரின் சிவன் கோயிலில் மாதந்தோறும் நிகழ்ந்த விழாக்களை வரிசைப்படுத்துகிறது. கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்றவை அதில் இடம்பெறுகின்றன. ஐப்பசிக்கு உரியதாக அங்குக் கூறப்படுவது ஓண விழாவே; கந்தசட்டி அன்று. கந்தசட்டிக்குத் தெளிவான இலக்கிய வடிவம் தந்தது, காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அருச்சகராக விளங்கிய கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் ஆகும். வடமொழிக் காந்தத்தின் சங்கர சங்கிதையைத் தழுவி, ஆறு காண்டங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அமைந்த இக்காப்பியத்தின் தட்ச காண்டத்தில் கந்த விரதப் படலம் என்றே ஒரு பகுதி உண்டு. வசிட்ட முனிவர் முசுகுந்த மன்னனுக்கு எடுத்துரைப்பதாக முருகனுக்குரிய மூன்று விரதங்களின் முறையும் பயனும் அங்கே விளக்கப்படுகின்றன.

கந்தபுராணம் செய்த பெரிய மாற்றம், சூரன் கதையின் முடிவை மாற்றியமைத்ததாகும். மாமரமாகி நின்ற சூரனாகிய சூரபன்மன் வேலால் பிளவுண்ட பின், அவ்விரு கூறுகளும் மயிலாகவும் சேவலாகவும் எழுந்து எதிர்த்து வர, முருகன் அவற்றை அருட்கண்ணால் நோக்க, அவை பகை நீங்கி ஊர்தியும் கொடியும் ஆயின என்பது அக்காப்பியம் காட்டும் முடிவு. சைவ சித்தாந்தம் இதற்கு நுட்பமான விளக்கம் தருகிறது. சூரபன்மன் ஆணவம், அவன் தம்பியராகிய சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என உயிரைப் பிணிக்கும் மும்மலங்களாக மூவரையும் கொள்வது சைவர் மரபு. ஆணவ மலம் முற்றிலும் இல்லாமற் போவதில்லை, அதன் ஆற்றல் மட்டுமே இறைவன் திருவருளால் அடங்குகிறது என்பது சித்தாந்தக் கொள்கை. எதிர்த்து நின்ற சூரனே இறைவனைச் சுமக்கும் மயிலாவது அக்கொள்கைக்கு இசைந்த உருவகமாகும். நோன்பின் உட்பொருளும் இதுவே. பசியை ஒழித்துவிட எவராலும் இயலாது; ஆயின் அதனை ஏவல் கேட்கும்படி பழக்க இயலும்.

இக்கருத்து விரதத்தின் விதிகளிலும் வெளிப்படுகிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் சைவ வினாவிடையில், மனம் பொறிவழிச் செல்லாது நிற்கும்பொருட்டு உணவை விடுத்தோ சுருக்கியோ, மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் கடவுளை வழிபடுவதே விரதம் என வரையறுக்கிறார். அவர் கருத்துப்படி, கந்தசட்டியின் ஆறு நாளும் உபவாசம் இருப்பது உத்தமம். அது இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது மட்டும் உண்டு, ஆறாம் நாள் முழுமையாக உண்ணாதிருக்கலாம். இவ்வாறு ஆறு ஆண்டுகள் நோற்க வேண்டும். இன்றைய வழக்கில் பால், பழம், இளநீர் ஆகியவற்றோடு நோற்பவரும் உளர். ஏழாம் நாள் நீராடி வழிபட்ட பின் உண்டு நோன்பை முடிப்பது பாரணை எனப்படும். உடல்நிலைக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கும் இவ்விதிகளே முதியோரும் பணிக்குச் செல்வோரும் இவ்விரதத்தை மேற்கொள்ள வழிவகுத்தன.

கோயில்கள் இப்புராணத்தை மக்கள் கண்முன் நிகழ்த்திக் காட்டின. நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில், ஐந்தாம் நாள் சிங்காரவேலராகிய முருகன் தம் அன்னை வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குகிறார். அவ்வேளையில் அவர் திருமேனியில் வியர்வை அரும்புவதாக அடியார்கள் கண்டு உருகுகின்றனர். சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சங்காரம் என்னும் வழக்கு, தொலைவிலுள்ள இரு தலங்களையும் ஒரே நிகழ்ச்சியில் இணைக்கிறது. திருச்செந்தூரில் பல்லாயிரவர் ஆறு நாளும் கோயிலிலேயே தங்கி, கடலிலும் நாழிக்கிணற்றிலும் நீராடி நோற்கின்றனர். சட்டியன்று மாலை கடற்கரையில் எழுந்தருளும் செயந்திநாதராகிய முருகன், யானைமுகம், சிங்கமுகம் எனத் தலை மாறி மாறி வரும் சூரனை வென்று, இறுதியில் ஆட்கொள்கிறார். அதன்பின் கோயிலுக்குள் கண்ணாடியில் தெரியும் அவர் நிழலுருவுக்கு நீராட்டு நிகழ்கிறது. இது சாயாபிடேகம் எனப்படும். முருகன் சினம் தணிந்த தலமாகிய திருத்தணிகையிலோ சூரசங்காரம் நடைபெறுவதில்லை. அங்கே மலர் சொரிந்து வழிபடுவதே சட்டியின் சிறப்பாகும்.

ஈழத்தில் இவ்விரதம் கல்வியோடும் பிணைந்து வளர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணப் பாடலை இசையோடு படிக்க, மற்றொருவர் அதற்குப் பொருள் விரிக்கும் புராண படனம் நீண்ட காலமாக நிலவி வருகிறது. எழுத்தறியாதவரும் கேள்வியால் காப்பியத்தை உள்வாங்கிய அம்மரபைக் கருதியே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பண்பாட்டைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று குறித்தார். அங்குச் ‘சூரன் போர்’ என வழங்கும் நிகழ்ச்சி, அவ்வாறு கேட்டறிந்த கதையைக் கண்ணாலும் காணும் வாய்ப்பாக அமைகிறது.

இல்லங்களில் இவ்விரதத்தின் குரலாக நிலைபெற்றது தேவராய சுவாமிகள் இயற்றிய கந்தசட்டி கவசம். உடலின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் காக்குமாறு வேண்டுவது கவசம் என்னும் நூல்வகை. சூலமங்கலம் சகோதரிகளின் இசைத்தட்டு வழியாக அது வீடுதோறும் பரவியது. மகப்பேறு வேண்டும் தம்பதியர் இந்நோன்பைப் பெரிதும் நம்புவதால், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பழமொழிக்கே, சட்டியில் நோன்பிருந்தால் அகத்துப் பையாகிய கருப்பையில் மகவு வரும் எனப் புதுப்பொருள் பிறந்தது. பானையையும் கரண்டியையும் பற்றிய ஓர் அடுக்களை மொழி நோன்பின் மொழியாக மாறியது, இவ்விரதம் குடும்ப வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்றாகும்.

கொல்லப்பட்ட சூர், ஆட்கொள்ளப்பட்ட சூரனாகிறான். குருதிப் பலி பெற்ற தெய்வத்தின் முன் மக்கள் தம் பசியையே படைக்கின்றனர். முனிவரின் நோன்பு இல்லத்தரசியின் நோன்பாகிறது. பல நூற்றாண்டுகளாக நடந்தேறிய இம்மாற்றங்கள் அனைத்தையும் ஆறு நாட்களுக்குள் அடக்கி வைத்திருப்பதே கந்தசட்டி விரதத்தின் பெருமை. சூரசங்காரத்தோடு விழா முடிவதில்லை. மறுநாள் நிகழும் திருக்கல்யாணத்தோடுதான் நிறைவுறுகிறது. போரைக் காணக் கூடுவோர் மறுநாள் மணத்தையும் கண்டு செல்லும்போதே, பகை அன்பாக முடிய வேண்டும் என்னும் இவ்விரதத்தின் செய்தி முழுமை பெறும்.