சாட்டி என்றொரு கோப்புறை

ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ப்ற் ஆனது. காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆனது. வேலணைத் தீவு லெய்டன் ஆனது. முந்நூறு ஆண்டுகளின் பின்னர் தீவக மக்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போய், அங்கே வாங்கிய கணினிகளில் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ரொறன்ரோவில் என் உறவினர் ஒருவரின் பழைய கணினியில், அவுட்லுக் எக்ஸ்பிரசின் இடப்பக்கத்தில், வேலணை, சாட்டி, மண்கும்பான், வெள்ளவத்தை என்று ஆங்கில எழுத்தில் கோப்புறைகள் வரிசையாக நின்றதைக் கண்டேன். சாட்டி நல்ல தண்ணீருக்கும் சிந்தாத்திரை மாதா கோயிலுக்கும் பெயர்பெற்ற கடற்கரைக் கிராமம். அக்கோப்புறையில் இருந்தவையும் பெரும்பாலும் தண்ணீர் பற்றியவையே: ஒரு கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, உறுதி யாரிடம் உள்ளது, எல்லையில் நின்ற பனைகள் எத்தனை.

1990இலும் 1991இலும் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கைகளின்போது மக்கள் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்தனர். 1995இல் யாழ்ப்பாணமும் இடம்பெயர்ந்தது. கடிதங்கள் கைமாறிக் கைமாறிப் போன காலம் அது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்த பின்னர்தான் காணி பற்றிய கேள்விகள் மடை திறந்தாற்போல் வந்தன. ஊரில் இருந்தவர் கையால் எழுதியதை வெள்ளவத்தையில் ஒருவர் தட்டச்சிட்டு அனுப்புவார். மறுமொழியை அச்செடுத்து ஊருக்குத் தபாலில் சேர்ப்பார்.

இவ்வகை மென்பொருள்களுக்கு முன்னோடிகளில் ஒன்று யூடோரா. ஸ்டீவ் டோர்னர் என்பவர் 1988இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் எழுதியது; யூடோரா வெல்ரி என்ற எழுத்தாளர் தபாற்கந்தோரில் குடியிருக்கும் பெண்ணைப் பற்றி எழுதிய சிறுகதையை நினைந்து வைத்த பெயர். 1997இல் மைக்ரோசொப்ரின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இலவசமாக வந்தது. தொலைபேசி இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு கொடுத்த நாட்கள். இணைப்பில்லாமல் எழுதி வைத்து, ஒரு நிமிடம் இணைந்து, அனுப்ப வேண்டியதை அனுப்பி, வந்ததை இறக்கிக்கொண்டு துண்டித்துவிடலாம். 'பொப்' என்ற அந்த முறையில் இறக்கிய மடலை வழங்கியில் விட்டு வைப்பது வழக்கமன்று. ஆகவே உலகில் இருந்த ஒரே பிரதி அந்த வீட்டுக் கணினியில்தான்.

அந்தப் பிரதியை இன்று வாசிப்பது எளிதன்று. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. ஆயினும் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணினியில் அதனால் பயனில்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெற்99 மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளை முன்வைத்தது. இணையத்தில் பலர் திஸ்கியைப் பின்பற்றினர். நம்மவர்களோ பாமினி எழுத்துருவை விடவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். எழுத்துரு இல்லாத இடத்தில் அம்மாவின் சுகசெய்தி வெறும் குப்பையாகத் தெரியும். மடல் எச்ரிஎம்எல் வடிவில் அனுப்பப்பட்டிருந்தால் எழுத்துருவின் பெயராவது உள்ளே இருக்கும். வெறும் எழுத்தாக அனுப்பியிருந்தால் ஊகிக்க வேண்டியதுதான். எந்தக் குறியீடு என்று தெரிந்துவிட்டால், ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனின் எழுத்துமாற்றி போன்றவை சில நொடிகளில் யூனிகோடாக்கித் தந்துவிடுகின்றன.

கோப்புறை ஒவ்வொன்றும் டிபிஎக்ஸ் என்ற பின்னொட்டுடன் ஒரே கோப்பாக, வழக்கமான பார்வைக்கு மறைந்த ஓர் அடைவினுள் கிடக்கிறது. பலர் 'மை டொக்கியுமென்ற்ஸ்' அடைவை மட்டும் பிரதியெடுத்துவிட்டுக் கணினியை எறிந்தது இதனால்தான். அழித்த மடலும் கோப்பைச் சுருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். பயத்தில் அழிக்கப்பட்ட மடல்களும் அவற்றுள் இருக்கலாம். எழுதியவரைக் கேளாமல் அவற்றை வெளியிடுவது முறையன்று என்பது என் கருத்து.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுபோயிற்று. எக்ஸ்பிக்கான ஆதரவும் 2014 ஏப்ரலில் முடிந்தது. அன்டிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் இக்கோப்புகளிலிருந்து மடல்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கும். நிலவறையில் பழைய கணினி வைத்திருப்போர், அதை மீள்சுழற்சிக்குக் கொடுக்குமுன், விண்டோஸ் பயனர் கணக்கின் 'அப்ளிகேஷன் டேட்டா'வுக்குள் 'ஐடென்ரிரீஸ்' என்ற அடைவைத் தேடி முழுவதுமாகப் பிரதியெடுங்கள். எழுத்துருக்கள் உள்ள 'பொன்ற்ஸ்' அடைவையும் கூடவே எடுங்கள்.