கல்கத்தாவில் கிளம்பிய சக்கரங்கள்

சரளைக்கல்லும் மண்ணும் கலந்த பாதைகளுக்கென்றே இன்று அகல டயர் போட்ட ‘கிராவல்’ சைக்கிள்கள் விற்கின்றன. அப்படியொரு வண்டி கடைக்கு வராத காலத்திலேயே பாலைவனத்தையும் மலையையும் மிதித்துக் கடந்தவர் கல்கத்தாவின் பிமல் முகர்ஜி.

அந்த ஊரில் சைக்கிள் மோகத்தைக் கிளப்பியதில் ஹேமேந்திர மோகன் போஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘குந்தலின்’ கூந்தல் தைலம் விற்றுப் பேர் வாங்கிய அவர், ஹாரிசன் சாலையில் சைக்கிள் கடையும் வைத்தார். விஞ்ஞானிகள் ஜகதீச சந்திர போஸுக்கும் பிரபுல்ல சந்திர ராய்க்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

பிமல் 1926 டிசம்பரில் மூன்று நண்பர்களோடு சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். கையில் காசு சொற்பம். நண்பர்கள் பிற்பாடு பிரிந்துபோனார்கள், அவர் நிற்கவில்லை. இராக், சிரியா, துருக்கி, ஐரோப்பா, தென் அமெரிக்கா, ஜப்பான், இலங்கை என்று சுற்றி, போகிற இடத்தில் கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவி, 1937இல்தான் ஊர் திரும்பினார். தார் ரோடே அபூர்வமாக இருந்த காலத்தில் இது அசாத்தியமான சாதனை.

அப்பேர்ப்பட்ட நகரத்தில் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது வேதனை. பால்காரரும் பேப்பர்காரரும்தான் அதிகம் அடிபட்டார்கள். நகரை ஒட்டிய ராஜர்ஹாட்டின் வயல்கள் மீது எழுந்த நியூ டவுனிலோ சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்காவது பிமல் முகர்ஜியின் பெயரைச் சூட்ட வேண்டும்.