முடிச்சூர் சாலையில் இன்சுலின்

விநியோகச் சங்கிலி நெருக்கடி மேலாண்மை என்று எங்கள் முதுகலைப் படிப்பில் ஒரு தாள். அதில் வருவதெல்லாம் தூரத்துக் கதைகள். 2000-இல் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸ் சிப் ஆலையில் தீப்பிடித்து நோக்கியா சுதாரித்ததும் எரிக்சன் அடிபட்டதும், 2011 தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தட்டுப்பாடு வந்ததும். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டார்கள். ‘2015 டிசம்பர், தாம்பரம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வெள்ளத்தின்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னையின் இந்தத் தென்புறநகர் ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. காசநோய் சானடோரியம் 1928-இல் வந்தது, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல், கிறித்தவக் கல்லூரி 1937-இல். தண்டவாளம், அதை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலை, பாலும் காய்கறியும் மருந்தும் அதன் வழியாகத்தான். வீடுகள் மட்டும் மேற்கே ஏரிகளை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. அடையாறு பிறப்பது அந்தப் பக்கம், ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரில். செம்பரம்பாக்கம் ஏரியின் தண்ணீர் அதில் சேர்வது கீழே, திருநீர்மலை அருகே. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் செம்பரம்பாக்கம்தான் மூழ்கடித்தது என்பவர்களிடம் இன்றும் வாதாடுகிறேன். நவம்பர் நடுவிலேயே அங்கே படகு ஓடியது. நிரம்பிய ஏரிகளின் மேல்தான் டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது.

கோடு அறுந்தது. ரயில் நின்றது, விமான நிலையம் மூடிக் கிடந்தது. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர முடியாமல், 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ அன்று சென்னையில் அச்சாகவில்லை.

எங்கள் கவலை ஃப்ரிட்ஜ். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும், கரண்ட் இல்லை. மீன் கடைக்காரரிடம் ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் போட்டோம். குப்பி ஐஸைத் தொடக்கூடாது; உறைந்துவிட்டால் வீண். அதனால் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து இடையில் வைத்தோம். இடுப்பளவு தண்ணீரில் வந்த ஒரு பெரியவர், “தம்பி, வீட்டம்மாவுக்கு ரெண்டு குப்பி போதும்ப்பா, மத்தவங்களுக்கும் வேணும்ல” என்றார். அன்று யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டதற்கு விதி ஏதும் இல்லை. அவர் சொன்னதுதான் எங்களுக்கு விதியானது.

தண்ணீர் வடிந்ததும் நேர்மாறாக நடந்தது. மெடிக்கல் ஷாப்காரர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் டாக்ஸிசைக்ளினும் தேவைக்கு மூன்று மடங்கு ஆர்டர் போட்டார்கள். பாதிதான் வரும் என்ற பயம். அதைப் பார்த்து நாங்கள் மேலே இன்னும் கூட்டிப் போட்டோம். மேலாண்மை அறிஞர் ஜே ஃபாரெஸ்டர் 1961-இலேயே இதை எழுதிவிட்டார்: கீழே சின்ன அசைவு, மேலே போகப்போகப் பெரிய ஆட்டம். பொங்கலுக்குப் பிறகு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்த சரக்கைப் பிரித்து எண்ணியது நான்தான். வெள்ளத்தின்போது ஓரிடத்தில் இல்லாத மருந்து, வடிந்த பிறகு இன்னோரிடத்தில் தேங்கியது.

பல்கலைக்கழகத்தில் தர இருக்கும் அறிக்கையில் ஒன்றையே வலியுறுத்துகிறேன். தண்டவாளத்துக்கு மேற்கே, வெள்ளம் ஏறாத மேட்டில், ஜெனரேட்டரோடு ஒரு மருந்துக் குளிர்கிடங்கு. அக்டோபர் பிறக்கும் முன்பே அதில் இரண்டு வார இன்சுலின். எங்கள் கடையின் பழைய ஆர்டர் நோட்டுகளை வைத்து, பகுதிவாரியாக எத்தனை குப்பி என்று இப்போது கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிச்சூர் முடிந்தது, அடுத்து வரதராஜபுரம்.