கசகசா வைத்த கடிதம்

ஒட்டி அனுப்பிய கடிதத்தை, யார் பெயருக்கு வந்ததோ அவரைத் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது. இது யாரும் சொல்லித் தர வேண்டாத நாகரிகம். வீட்டில் அண்ணனுக்கு வந்த கடிதத்தைத் தம்பி பிரித்துவிட்டால்கூட அன்று முழுக்கச் சண்டைதான். சரி, கடிதத்தைச் சுமந்து வரும் தபால் துறையே அதைப் பிரித்துப் படித்தால்? படித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் ஒட்டிக் கொடுத்தால்?

1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இப்படி ஒரு விவகாரம் வெளியே வந்தது. தனிப்பட்ட கடிதம் எவ்வளவு தூரம் தனிப்பட்டது என்று ஒரு நாடே கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவர் ஓர் அகதி. அவருக்கு உதவிய பொருள், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும் கசகசா!

அகதியின் சந்தேகம்

அந்த அகதியின் பெயர் ஜுசெப்பே மாஜினி. பாரதியார் 'மாஜினியின் பிரதிக்கினை' என்ற பாடலை எழுதியதால் தமிழர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1805-இல் ஜெனோவாவில் பிறந்தவர். அப்போது இத்தாலி என்று ஒரே நாடு கிடையாது. பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. வடக்கே லொம்பார்தியும் வெனிஸும் ஆஸ்திரியாவின் கையில் இருந்தன. இத்தாலி முழுவதையும் ஒரே குடியரசாக்க வேண்டும் என்று 1831-இல் 'இளம் இத்தாலி' இயக்கத்தைத் தொடங்கியவர் மாஜினி. பல நாடுகளில் விரட்டப்பட்டு 1837-இல் லண்டன் வந்து சேர்ந்தார். அங்கே ஏழை இத்தாலியச் சிறுவர்களுக்காக ஓர் இலவசப் பள்ளியும் நடத்தினார்.

நாடு கடந்து வாழ்பவருக்குக் கடிதம்தான் உயிர். மாஜினியின் இயக்கமே கடிதங்களால்தான் நடந்தது. 1844-இல் தமக்கு வரும் கடிதங்களில் ஏதோ கோளாறு இருப்பதைக் கவனித்தார். தபால் முத்திரையின் மேல் இன்னொரு முத்திரை குத்தப்பட்டிருந்தது. தாமதத்தை மறைக்க யாரோ செய்த வேலைபோல் தெரிந்தது.

சந்தேகம் மட்டும் போதாதே, ஆதாரம் வேண்டும். நண்பர்களைத் தமக்கே கடிதம் போடச் சொன்னார். உறைக்குள் கசகசா விதைகள், மணல் துகள்கள், தலைமுடி இழை ஆகியவற்றை வைத்து அனுப்பச் செய்தார். கடிதம் ஒழுங்காக ஒட்டப்பட்டே வந்து சேர்ந்தது. ஆனால் உள்ளே வைத்த கசகசாவைக் காணோம்! பிரித்தவர்கள் அரக்கையும் மடிப்பையும் கவனமாகப் பழையபடி செய்துவிட்டார்கள். கீழே கொட்டிய விதையை மட்டும் கவனிக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் புயல்

1844 ஜூன் 14 அன்று மாஜினியும் வேறு மூவரும் கையெழுத்திட்ட மனு ஒன்றை, தாமஸ் டன்கோம்ப் என்ற உறுப்பினர் மக்களவையில் தாக்கல் செய்தார். அப்போதைய உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாம், மனுதாரர்களில் ஒருவர் விஷயத்தில் தாம் உத்தரவு பிறப்பித்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டார். சட்டம் தமக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது என்றார். அதற்கு மேல் விவரம் சொல்ல மறுத்துவிட்டார்.

சட்டம் தந்திருந்தது உண்மைதான். 1711-ஆம் ஆண்டுத் தபால் சட்டமே அமைச்சரின் உத்தரவு இருந்தால் கடிதத்தைப் பிரிக்கலாம் என்று அனுமதித்திருந்தது. அரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. மாஜினி சும்மா கவிதை எழுதிக்கொண்டிருந்தவர் அல்லர். இத்தாலியில் புரட்சிகளைத் தூண்டியவர். அடைக்கலம் கொடுத்த மண்ணிலிருந்து, அந்த நாட்டுக்கு நட்பான ஆஸ்திரியாவுக்கு எதிராகத் திட்டம் தீட்டினால் எந்த அரசும் கவலைப்படத்தான் செய்யும்.

இருந்தும் மக்கள் கொதித்தார்கள். எழுத்தாளர் தாமஸ் கார்லைல், 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மாஜினியின் நேர்மைக்குச் சாட்சி சொன்னார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது பிக்பாக்கெட் அடிப்பதற்குச் சமம் என்றார். 'பஞ்ச்' என்ற நகைச்சுவைப் பத்திரிகை, எதிலும் மூக்கை நுழைக்கும் நாடகப் பாத்திரமான பால் ப்ரையாக கிரஹாமைக் கேலிப்படம் போட்டது. அவரைக் கிண்டல் செய்யும் ஒட்டுவில்லைகளை ஒட்டி ஜனங்கள் கடிதம் அனுப்பினார்கள்.

பின்னறையில் நடந்தது

மக்களுக்குத்தான் இது புதிய செய்தி. தபால் துறைக்கு இது பழைய தொழில்! இங்கிலாந்தில் குரோம்வெல் ஆட்சியில் வந்த 1657-ஆம் ஆண்டுச் சட்டம், தபால் நிலையம் ஒன்றை அமைப்பதன் நன்மைகளில் ஒன்றாக, நாட்டுக்கு எதிரான சதிகளைக் கண்டுபிடிப்பதையும் வெளிப்படையாகவே சேர்த்திருந்தது. அதாவது, கடிதம் கொண்டு போகும் வேலையும் கடிதம் படிக்கும் வேலையும் ஒன்றாகவே வளர்ந்தன.

கணிதத்தில் முடிவிலிக் குறியை அறிமுகப்படுத்திய ஜான் வாலிஸ், அந்நாளில் பிடிபட்ட சங்கேதக் கடிதங்களை உடைத்துக் கொடுத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த வேலை எட்வர்ட் வில்லெஸ் என்ற பாதிரியாரிடம் வந்தது. அவர் பிறகு பிஷப்பாகவும் உயர்ந்தார். அவருடைய மகன்களும் அடுத்த தலைமுறையும் அதே வேலையைப் பார்த்தார்கள். அடுத்தவர் கடிதம் படிப்பது ஒரு குடும்பத் தொழிலாக 1844 வரை நடந்தது என்றால் நம்ப முடிகிறதா?

மற்ற நாடுகளும் சளைத்தவை அல்ல. பிரான்சில் இதற்குக் 'கறுப்பு அறை' என்று பெயர். எல்லாவற்றிலும் கெட்டிக்காரர்கள் வியன்னாக்காரர்கள். வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு வரும் தபால் பை காலை 7 மணிக்கு அந்த இரகசிய அலுவலகத்துக்குப் போகும். மெழுகுவர்த்திச் சூட்டில் அரக்கை இளக்கிக் கடிதத்தைப் பிரிப்பார்கள். வேண்டியதைப் படியெடுப்பார்கள். போலி முத்திரையால் மறுபடி ஒட்டுவார்கள். 9.30 மணிக்கெல்லாம் பை தபால் நிலையத்துக்குத் திரும்பிவிடும்! தூதர் காலை உணவை முடித்துவிட்டு, தாமே முதலில் படிப்பதாக நினைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரிப்பார்.

ஒரு பென்னியில் வந்த நம்பிக்கை

நூற்றாண்டுகளாக நடந்த ஒன்றுக்கு 1844-இல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? விடை தபால் கட்டணத்தில் இருக்கிறது.

1840-க்கு முன் இங்கிலாந்தில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவர்தான் பணம் கொடுக்க வேண்டும். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கணக்காகும். ஆகவே கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள். 1840-இல் ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி, அரை அவுன்ஸ் வரை எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னிதான் என்று ஆனது. தபால்தலை வந்தது. எடைக்குத்தான் காசு என்பதால் உறை போடும் பழக்கமும் பரவியது. 1839-இல் ஏறக்குறைய 7.6 கோடியாக இருந்த கடிதங்கள், 1840-இல் ஏறக்குறைய 16.9 கோடியாக உயர்ந்தன.

அதுவரை கடிதம் பெரும்பாலும் வசதியானவர்களின் விஷயம். இப்போது வேலைக்காரப் பெண்ணும் அம்மாவுக்கு எழுதினாள். சிறு வியாபாரியும் விலை கேட்டு எழுதினான். தூதர்களின் கடிதத்தைப் படித்தபோது வராத கோபம், 'நம் கடிதத்தையும் படிப்பார்களோ' என்ற பயத்தில் வந்தது. தபால் துறை ஒரு பென்னிக்கு விற்றது வெறும் போக்குவரத்தை அல்ல, நம்பிக்கையையும் சேர்த்துத்தான். அந்தச் சரக்கில் கலப்படம் என்று தெரிந்ததும் வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்

அந்தக் கோடையில் வந்த இன்னொரு செய்தி கோபத்தை இன்னும் கூட்டியது. அத்தீலியோ, எமீலியோ பந்தியேரா என்ற வெனிஸ் சகோதரர்கள் ஆஸ்திரியக் கடற்படை அதிகாரிகளாக இருந்து விலகியவர்கள். மாஜினியுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள். 1844 ஜூனில் கோர்ஃபு தீவிலிருந்து சுமார் இருபது பேருடன் தெற்கு இத்தாலியின் கலாப்ரியா கரையில் இறங்கினார்கள். எதிர்பார்த்த புரட்சி அங்கே இல்லை. பிடிபட்டார்கள். ஜூலை 25 அன்று கொசென்ஸா அருகே சகோதரர்கள் உட்பட ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மாஜினியின் கடிதங்களில் கிடைத்த தகவலை லண்டன் ஆஸ்திரியாவுக்குச் சொன்னது உண்மை. அதனால்தான் சகோதரர்கள் செத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது; கூட வந்த ஒருவனே அவர்களைக் காட்டிக் கொடுத்தான். ஆனாலும் 'என் கடிதம் எங்கே போனது, யார் கைக்குப் போனது' என்ற கேள்வி ஓர் உயிரின் கேள்வியாகவும் இருக்கலாம் என்பதை அந்த மரணங்கள் எல்லோருக்கும் உணர்த்தின.

என்ன மாறியது?

இரு அவைகளும் இரகசியக் குழுக்களை அமைத்து விசாரித்தன. ஆகஸ்டில் அறிக்கைகள் வந்தன. வெளிநாட்டுத் தபாலைப் படித்துவந்த இரகசிய அலுவலகமும் சங்கேதம் உடைக்கும் பிரிவும் மூடப்பட்டன. ஆனால் சட்டம்? அது அப்படியே இருந்தது! அமைச்சர் உத்தரவு போட்டால் கடிதத்தைப் பிரிக்கலாம் என்ற அதிகாரம் போகவில்லை. பூட்டு மாறவில்லை, சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. அதுவே பெரிய மாற்றம். தெரிந்த பிறகுதானே கேள்வி கேட்க முடியும்?

இந்தியாவிலும் இதே கதை உண்டு. 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ காரணமாகத் தபாலை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. சுதந்திரம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. 1986-இல் அந்த அதிகாரத்தை விரிவாக்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அவருக்குப் பின் வந்த, நம் தஞ்சை மாவட்டத்து ஆர்.வெங்கட்ராமன் 1990-இல் அதைத் திருப்பி அனுப்பினார். 2002-இல் மசோதா வாபஸ் பெறப்பட்டது. ஆனால் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்திலும் தபாலை இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது.

இன்றைய உறை

இன்று கடிதத்தின் இடத்தில் மின்னஞ்சலும் தனிச்செய்தியும் வந்துவிட்டன. கேள்வி மட்டும் மாறவில்லை. சாதாரணமாக நாம் அனுப்பும் தனிச்செய்தி ஒரு நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காருகிறது. கடவுச்சொல் மற்ற பயனர்களைத்தான் வெளியே நிறுத்தும். சர்வரை நிர்வகிப்பவரை அல்ல. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லாச் செய்திகளுக்கும் கொண்டு வந்ததுபோல், அனுப்புபவர் கருவியில் பூட்டிப் பெறுபவர் கருவியில் மட்டும் திறக்கும் முறை இருந்தால், நடுவில் இருப்பவரால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. அப்போதும் யார் யாருக்கு, எப்போது அனுப்பினார் என்ற விவரம் நடுவில் இருப்பவருக்குத் தெரியவரும். உறையின் மேல் முகவரியும் தபால் முத்திரையும் எல்லோர் கண்ணிலும் படுவதுபோலத்தான்.

அஞ்சலட்டையில் எழுதும்போது தபால்காரர் படிப்பார் என்று தெரிந்தே எழுதினோம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. உறைபோலத் தோற்றம் தரும் அஞ்சலட்டைதான் ஆபத்தானது. மாஜினியைக் கோபப்படுத்தியதும் அதுதான். 'தனிப்பட்டது' என்று மேலே எழுதியிருப்பதால் மட்டும் ஒரு செய்தி தனிப்பட்டதாகிவிடாது. நடுவில் சுமந்து வருபவரால் அதைப் படிக்க முடியுமா, படித்தால் நமக்குத் தெரிய வருமா, தெரிந்தால் அவரைக் கேள்வி கேட்க ஒரு மன்றம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துகொண்டு எழுதுவதே புத்திசாலித்தனம்.