பீர் குடித்தால் 'கிட்னி கழுவுமா'? சிறுநீரக நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பீர் நல்லதுதான், கிட்னியைக் கழுவி விட்டுடும்." பொந்தியான் வட்டாரத்தில் மட்டுமல்ல, நாடு முழுவதும் பலர் சொல்லும் பேச்சு இது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதை நம்பினால் ஆபத்து.

தீபகற்ப மலேசியாவில் 2011-இல் பெரியவர்களில் சுமார் 9 விழுக்காட்டினருக்கு இருந்த இந்நோய், 2018 ஆய்வில் 15.5 விழுக்காடாக உயர்ந்தது. நோய் உள்ள 100 பேரில் 5 பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது.

பீர் குடித்தால் ஏன் சிறுநீர் அதிகம் போகிறது?

உடலில் நீரைத் தக்க வைக்கும் ஹார்மோனை மது அடக்கிவிடுகிறது. அதனால் நீர் வெளியேறுகிறது. இது சுத்திகரிப்பு அல்ல. ரத்தத்தில் உள்ள கழிவு கூடுதலாக நீங்குவதில்லை. பெக்கான் நானாஸ் தோட்டங்களில் வெயிலில் வேலை செய்துவிட்டு, தண்ணீருக்குப் பதில் பீர் குடித்தால் தாகம் தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் உடல் வறண்டு, சிறுநீரகத்துக்குச் சுமை கூடலாம்.

டயாலிசிஸ் செய்பவர்கள் குடிக்கலாமா?

இவர்களில் பலருக்குச் சிறுநீர் மிகக் குறைவாகவே போகும். ஒரு நாளுக்கு 500 மில்லிலிட்டர், அத்துடன் முதல் நாள் போன சிறுநீரின் அளவு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் நீர்க் கணக்கு. 330 மில்லிலிட்டர் பீர் டின் ஒன்றும் அதில்தான் சேரும். மூன்று டின் குடித்தால் உடலில் கிட்டத்தட்ட ஒரு கிலோ நீர் ஏறிவிடும். கால் வீங்கலாம், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். பீரில் பொட்டாசியம், பாஸ்பரஸும் உண்டு.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு?

நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் காரணம் நீரிழிவு. கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். மெட்ஃபார்மினுடன் அதிகம் குடித்தால் ரத்தத்தில் அமிலம் கூடும். அதிக மது ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பீர் யூரிக் அமிலத்தைக் கூட்டுவதால் 'கௌட்' மூட்டு வலி வரலாம். அந்த வலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் பல சிறுநீரகத்தை மேலும் கெடுப்பவை.

அப்படியானால் ஒரு டின்கூட கூடாதா?

அளவாகக் குடிப்பது இந்நோயை வேகப்படுத்துமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. நோயின் நிலை, மருந்து, நீர்க் கணக்கு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும். "குடிப்பேன்" என்று அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தினமும் அதிகம் குடிப்பவர்கள் தாமாகத் திடீரென நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவர் உதவியோடு நிறுத்துங்கள்.

நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருந்தால், அரசு சுகாதார கிளினிக்கில் ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்துகொள்ளலாம். தொடக்கத்தில் இந்நோய்க்கு வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் இருக்காது.