இணையம் வேகமாக இருந்தும் படம் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

மாதந்தோறும் 300 எம்பிபிஎஸ் இணையத்துக்குக் கட்டணம் கட்டுகிறோம். கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தால் 280, 290 என்று காட்டுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு படம் பார்க்க உட்கார்ந்தால் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் வட்டம் சுற்றுகிறது. அல்லது நடிகர்களின் முகமெல்லாம் கட்டம் கட்டமாக மங்கிப் போகிறது. நிறுவனத்தை அழைத்தால், "லைன் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் 500-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற பதில் வருவதுண்டு. பலர் மாற்றியும் விடுகிறார்கள். கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு 24 மாத ஒப்பந்தமும் வந்து சேர்கிறது. வட்டம் மட்டும் நின்றபாடில்லை.

அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விவரங்களை இங்கே தருகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை மெகாபிட் வருகிறது என்பதற்கான அளவு. நாம் கோப்புகளை அளப்பதோ மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். இதைக் கேட்டதும் "ஏமாற்றிவிட்டார்களே" என்று சிலர் கோபப்படுவார்கள். ஏமாற்று ஒன்றுமில்லை, படம் பார்க்க அதுவே தாராளம். 1080பி தரத்தில் ஒரு படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும் என்கிறது நெட்ஃபிலிக்ஸ். 4கே தரத்துக்கு 15. யூடியூப் 4கே-க்குக் கேட்பது 20. ஒரு வீட்டில் மூன்று அறைகளில் மூன்று பேர் ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் 60 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. யூனிஃபை 2010-இல் தொடங்கியபோது விற்ற திட்டங்களே 5, 10, 20 எம்பிபிஎஸ்தான்.

ஆக, 100 எம்பிபிஎஸ் இருக்கும் வீட்டில் படம் நின்று நின்று ஓடினால், குறையை வேறு எங்கோ தேட வேண்டும். 300-க்கோ 500-க்கோ மாறுவதால் அது தீராது.

வேகச் சோதனை சொல்லும் பாதி உண்மை

வேகம் சோதிக்கும் செயலிகள் பெரும்பாலும் நமக்கு மிக அருகில் இருக்கும் சோதனைக் கணினியையே தேர்ந்தெடுக்கின்றன. பல நேரங்களில் அது நம் இணைய நிறுவனத்தின் வளாகத்திலேயே இருக்கும். அதோடு ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து தரவை இழுக்கும். வீட்டு வாசலிலிருந்து முச்சந்தி வரை சாலை அகலமாக இருக்கிறதா என்று பார்ப்பது போன்றது இது. நாம் பார்க்க விரும்பும் படம் அந்தச் சாலையைத் தாண்டி எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லாது.

பெரிய காணொளி நிறுவனங்கள் இந்தத் தூரத்தைக் குறைக்கத் தங்கள் படங்களின் பிரதிகளை அந்தந்த நாட்டு இணைய நிறுவனங்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கின்றன. நெட்ஃபிலிக்ஸும் கூகளும் இதற்கென்றே தனிக் கணினிகளைத் தருகின்றன. உள்நாட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைக் கைமாற்றிக்கொள்ள மை-ஐஎக்ஸ் என்ற மலேசிய இணையப் பரிமாற்ற மையம் 2006 முதல் இயங்கி வருகிறது. பிரபலமான படம் என்றால் அது பெரும்பாலும் நம் அருகிலிருந்தே வரும். அதிகம் பேர் பார்க்காத பழைய தமிழ்ப் படமோ, சிறிய தளம் ஒன்றின் நேரலையோ அப்படி வராது. அது கடலுக்கு அடியில் போகும் கேபள் வழியாக வர வேண்டும். மலாக்காவில் கரையேறும் சீ-மீ-வீ 4 கேபள்தான் சென்னையிலும் கரையேறுகிறது. மெர்சிங்கில் கரையேறும் ஏஏஜி கேபள் அமெரிக்காவரை போகிறது. இவற்றில் ஒன்று எங்காவது அறுந்தாலோ, இரவு நேரத்தில் நெரிசல் கூடினாலோ, நம் வீட்டு 300 எம்பிபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டுத் தளங்களைத் திறப்பதற்காக விபிஎன் போட்டுப் பார்ப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தச் செயலி இயங்கும் வரை உங்கள் தரவு முழுவதும் இந்தியாவோ வேறு நாடோ போய்த்தான் திரும்பும். அதை அணைக்க மறந்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிரதியை விட்டுவிட்டு, கோலாலம்பூரிலேயே கிடைக்கும் படத்தை மும்பை வழியாக இழுத்துக்கொண்டிருப்பார்கள். படம் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஃபாஸ்ட்.காம் என்ற சோதனைப் பக்கம் நெட்ஃபிலிக்ஸின் சொந்தக் கணினிகளிலிருந்தே வேகத்தை அளக்கிறது. வழக்கமான சோதனையில் 290 வந்து, இதில் 12 மட்டும் வந்தால், தடை எந்தப் பக்கம் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

சுவரும் அலமாரியும்

நம் வீடுகளில் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் வைஃபைதான். தாமான் வரிசை வீடுகளில் ஃபைபர் முன்வாசல் பக்கம் நுழைகிறது. ரௌட்டரையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இல்லை என்று அதை டிவி அலமாரிக்குள் மூடி வைப்பவர்கள் உண்டு. மீன் தொட்டிக்குப் பின்னால் வைப்பவர்களும் உண்டு. தண்ணீரும் இரும்பும் கண்ணாடியின் உலோகப் பூச்சும் அலைகளுக்கு ஆகாதவை. பின்கட்டு அறைக்குப் போய்ச் சேருவதற்குள் அலை மூன்று செங்கல் சுவர்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. அதே வரிசையில்தான் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றன. மக்கள் நெருக்கமாக வாழும் அடுக்குமாடியில் கைப்பேசியைத் திறந்தால் பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். அத்தனையும் ஒன்றோடொன்று மோதாத மூன்றே மூன்று தடங்களுக்குள், அதாவது 1, 6, 11 ஆகிய தடங்களுக்குள், அடித்துப் பிடித்துக்கொள்கின்றன. 300 எம்பிபிஎஸ் சந்தா உள்ள வீட்டில் இந்த அலைவரிசையில் கிடைப்பது 20 ஆகவும் இருக்கலாம், இரவில் 5 ஆகவும் இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

இங்கே ஒரு பழைய கதையும் ஒளிந்திருக்கிறது. 2018-இல் யூனிஃபை வாடிக்கையாளர்கள் பலரின் வேகம் கூடுதல் கட்டணமில்லாமல் உயர்த்தப்பட்டது. 10 எம்பிபிஎஸ் கணக்கு வைத்திருந்தவர்கள்கூட 100-க்குப் போனார்கள். கணக்கு மாறியது, ஆனால் பல வீடுகளில் முன்பு கொடுத்த ரௌட்டர் அப்படியே இருந்தது. அந்தக் காலத்து ரௌட்டர்கள் பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. கேபள் துளைகளும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தராதவை. உங்கள் ரௌட்டர் அந்த வயதுடையது என்றால், புதிய திட்டத்துக்குப் போவதற்கு முன் அதை மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். வாய்விட்டுக் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

சுவரில் செருகும் மலிவான வைஃபை நீட்டிப்பான்களை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். கைப்பேசியில் கோடுகள் முழுதாகத் தெரியும். வேகம் மட்டும் பாதியாகியிருக்கும். ஒரே ரேடியோவில் வாங்குவதும் அதிலேயே திருப்பி அனுப்புவதுமாக இருப்பதால் வரும் விளைவு அது. எங்கள் கருத்தில், டிவி ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பொருள் என்பதால் அதற்கு ஒரு லேன் கேபள் இழுத்துவிடுவதே சிறந்த வழி. கேட் 5இ அல்லது கேட் 6 கேபளைச் சுவரோரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் விட்டால் பார்வைக்கும் உறுத்தாது. பெரும்பாலான டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் தரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 4கே படத்துக்குத் தேவை 15 அல்லது 20 என்பதை மேலே பார்த்தோம்.

டிவியும் பெட்டியும்

ஆறேழு ஆண்டுகள் பழைய ஸ்மார்ட் டிவி என்றால் அதன் உள்ளே இருக்கும் கணிக்கும் பகுதி இன்றைய செயலிகளின் பாரத்தைத் தாங்காமல் திணறும். நினைவகமும் நிரம்பியிருக்கும். அதே இடத்தில் கைப்பேசியில் படம் சீராக ஓடி, டிவியில் மட்டும் நின்றால் பழி இணையத்துடையது இல்லை. தேவையில்லாத செயலிகளை நீக்கி, டிவியின் மின்செருகியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், புதிய டிவிக்குப் பதிலாக உரிமம் பெற்ற சிறிய ஸ்ட்ரீமிங் கருவி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

"உரிமம் பெற்ற" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பசார் மாலாமில் 4கே என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றுக்கு நெட்ஃபிலிக்ஸ் போன்ற நிறுவனங்களின் பாதுகாப்புச் சான்று இல்லை. சான்று இல்லாத பெட்டிக்கு அந்நிறுவனங்கள் சாதாரணத் தரத்தில்தான் படம் அனுப்பும். இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மங்கலாகவே தெரியும். மாதம் சில ரிங்கிட்டுக்கு எல்லாத் தமிழ் ஒளிவழிகளும் கிடைக்கும் என்று சொல்லி விற்கும் பெட்டிகள் வேறு ரகம். அவற்றின் படங்கள் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் திருட்டுக் கணினிகளிலிருந்து வருகின்றன. கிரிக்கெட் ஆட்டமோ தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியோ ஓடும்போது அத்தனை பேரும் ஒன்றாக மொய்க்க, அவை படுத்துவிடும். அதற்கு யாரிடமும் புகார் செய்ய முடியாது. 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி இத்தகைய பெட்டிகளை விற்பதே குற்றம், கடும் அபராதமும் சிறையும் உண்டு.

தோட்டப்புறங்களில்

ஃபைபர் வராத தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே வீட்டு இணையம் என்பது பெரும்பாலும் சிம் அட்டை போட்ட 4ஜி ரௌட்டர்தான். 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டதால் எல்லாச் சுமையும் இப்போது மற்ற அலைகளின் மேல் விழுகிறது. கோபுரம் ஒன்று, அதைப் பங்கு போடும் லயங்களும் கம்பங்களும் பல. காலை பத்து மணிக்கு 40 எம்பிபிஎஸ் காட்டும் ரௌட்டர், எல்லாரும் வேலை முடிந்து வீடு திரும்பிய இரவு ஒன்பதுக்கு 3 காட்டினால் ரௌட்டர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். கோடுகள் முழுதாக இருப்பது கோபுரம் தெரிகிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். அங்கே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைக் கோடு காட்டாது.

ஓங்கி வளர்ந்த செம்பனைக் கூட்டம் அலையை மறைக்கும், மழையில் நனைந்த ஓலை இன்னும் கூடுதலாக விழுங்கும். ரௌட்டரைக் கோபுரம் இருக்கும் திசையின் சன்னல் அருகே, தகரச் சுவரிலிருந்து தள்ளி, முடிந்த மட்டும் உயரத்தில் வையுங்கள். இரண்டடி நகர்த்தினாலே வேகம் மாறுவதைப் பார்க்கலாம். "வரம்பற்ற" என்று விளம்பரம் செய்யும் திட்டங்கள் சிலவற்றில் குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். 1080பி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய 2 கிகாபைட்டுக்கு மேல் கரையும் என்பதால் மாதக் கடைசியில் படம் இழுப்பதற்கு இதுவும் காரணமாகலாம். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.

இத்தகைய வீடுகளில் செயலியின் தரத்தை 480பி-க்கு இறக்கிவிட்டால் ஒன்றரை எம்பிபிஎஸ்ஸிலும் படம் நிற்காமல் ஓடும். சின்னத் திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைகளின் பாடக் காணொளிகளை விடியற்காலையில், கோபுரம் ஓய்வாக இருக்கும்போது, பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்புக் கேமரா பொருத்தியிருந்தால் அது நாள் முழுதும் படத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். 4ஜி-யின் குறுகலான அனுப்பும் பாதையை அது ஒன்றே அடைத்துவிடும்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது

மடிக்கணினியை ரௌட்டரோடு கேபளில் இணைத்து ஒரு சோதனை. பிறகு கேபளைக் கழற்றி, ரௌட்டர் பக்கத்திலேயே வைஃபையில் ஒன்று. கடைசியாக டிவி இருக்கும் இடத்தில் ஒன்று. இதைக் காலையிலும் இரவு எட்டிலிருந்து பதினொன்றுக்குள்ளும் மூன்று நாள் செய்தால் போதும். கேபளில் சரியாக இருந்து டிவி பக்கம் விழுந்தால் வைஃபை. எல்லா இடத்திலும் சரியாக இருந்தும் ஒரு செயலி மட்டும் நின்றால் அந்தச் சேவையோ அது வரும் பாதையோ. கேபளிலேயே எந்நேரமும் குறைவாக வந்தால், அல்லது இரவில் மட்டும் சரிந்தால், அது நிறுவனத்தின் பொறுப்பு. யூடியூபில் "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்ற தெரிவைத் திறந்தால், முன்கூட்டியே எத்தனை நொடிப் படம் சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும். அந்த எண் பூச்சியத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் வட்டம் வரப்போகிறது என்று பொருள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இத்தனை சோதனையும் வேண்டாம். ஃபைபரே துண்டிக்கப்பட்டிருக்கிறது, உடனே அழையுங்கள்.

நிறுவனத்திடம் புகார் செய்யும்போது சோதனைப் படங்களைத் தேதி, நேரத்தோடு கொடுத்து, கேபளில் சோதித்தது என்பதைக் குறிப்பிடுங்கள். "வைஃபையில் பார்த்திருப்பீர்கள்" என்று தட்டிக்கழிக்க முடியாமல் போகும். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணோடு எம்சிஎம்சி எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் இணையப் புகார்ப் பக்கத்தில் பதிவு செய்யலாம். கம்பிவழி இணையத்துக்கும் கம்பியில்லா இணையத்துக்கும் சேவைத் தர விதிகளை ஆணையம் வகுத்திருக்கிறது. புகார் எண் இல்லாமல் நேரே ஆணையத்துக்குப் போனால், முதலில் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றே திருப்பி அனுப்புவார்கள்.