சிக்கல் வட்டாரத்தில் ஜல்லி, கிராவல் கணக்கு

முற்றம், நடைபாதை, மரத்தடி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் பரப்ப எவ்வளவு ஜல்லி அல்லது கிராவல் (சரளைச் செம்மண்) வேண்டும் என்று முன்கூட்டிக் கணிக்கும் முறை. இராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டத்திலுள்ள சிக்கலைச் சுற்றி உடைத்து ஜல்லியாக்கக் கருங்கல் குன்று கிடையாது. மேற்கேயுள்ள மாவட்டங்களின் குவாரிகளிலிருந்து லாரியில்தான் வரவேண்டும். கல் விலையோடு வாடகையும் சேர்வதால், அரை யூனிட் குறைந்து மறுநடை அடித்தால் கையைக் கடிக்கும்.

விற்பனை அளவு யூனிட். 1 யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும். 40 அடி நீளம், 10 அடி அகலப் பாதையில் 3 அங்குலம் போட 40 × 10 × 0.25 = 100 கன அடி, சரியாக ஒரு யூனிட். அங்குலத்தை 12-ஆல் வகுக்க மறப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வட்டமான மரத்தடிக்கு ஆரத்தின் வர்க்கத்தை 3.14-ஆல் பெருக்கினால் பரப்பு கிடைக்கும்.

கணக்கைவிட மண்தான் ஆளை ஏமாற்றும். இந்த வட்டத்தின் உட்பகுதிக் கரிசல் மழையில் ஊறி உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நேரே கொட்டிய முக்கால் அங்குல ஜல்லி ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றுக்குள் இறங்கிவிடும். ஆகவே முதலில் கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். அழுத்தியபின் கிராவல் கால் பங்கு வரை தணியும். 6 அங்குலம் நிற்க 8 அங்குலம் கொட்டுவது நல்லது. மேலே பரப்பும் ஜல்லி அவ்வளவு தணியாது, 10 விழுக்காடு கூடுதல் போதும். கடலோர மணலில் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் கல் புதையாது.

வந்த சரக்கை இறக்குமுன் அளப்பது நலம். லாரித் தொட்டியின் உள்நீளம் 12 அடி, உள்அகலம் 7 அடி, சரக்கின் உயரம் 2.5 அடி என்றால் 210 கன அடி, இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். குவியலின் உச்சியை மட்டும் உயரமாகக் காட்டுவார்கள். ஓரங்களிலும் டேப் பிடித்துச் சராசரி எடுக்க வேண்டும். எடைமேடை ரசீது டன்னில் இருந்தால், 20 மி.மீ. ஜல்லி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 டன், யூனிட்டுக்கு 4.2 டன் சொச்சம் என்று வைத்துச் சரிபார்க்கலாம். ஈரமான கிராவலில் தண்ணீரும் எடையில் சேரும் என்பதால் அதற்கு டேப்பே நம்பகமானது.

ஜல்லிக்கு மாற்றாகப் பவளக் கல்லை நாடக் கூடாது. முன்பு மன்னார் வளைகுடாவில் அதை வெட்டி, கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் எடுத்தார்கள். கல் பவளங்கள் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைத் தோட்ட அலங்காரத்துக்காக அள்ளுவதும் குற்றமே.